டிசைனா, மெக்கானிக்கலா, ஓவியக் கல்லூரியா? சென்னைப் பிள்ளைகளுக்கு எந்தப் பாதை

நன்றாக வரையவும் வருகிறது, பழுதான மிக்ஸியைப் பிரித்துப் பார்க்கவும் பிடிக்கிறது என்று ஒரு பிள்ளை பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தால், அந்த வீட்டுக்கு மூன்று யோசனைகள் வந்து சேரும். "மெக்கானிக்கல் போடு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார் பெரியப்பா. "எழும்பூர் ஓவியக் கல்லூரிக்கு அனுப்புங்கள்" என்பார் பள்ளி டிராயிங் மாஸ்டர். "பொருள்களை வடிவமைக்க இன்டஸ்ட்ரியல் டிசைன் என்றே தனியாக ஒரு படிப்பு இருக்கிறது" என்பார் பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா. மூன்றுமே அக்கறையோடு சொல்லப்படும் யோசனைகள்தான். ஆனால் மூன்று படிப்புகளும் மூன்று விதமான ஆட்களை உருவாக்குகின்றன. புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களின் போர்ட்ஃபோலியோக்களைப் பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. யார் எங்கே படித்தார் என்பதைப் பெரும்பாலும் முதல் சில பக்கங்களிலேயே சொல்லிவிடலாம். அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது, யாருக்கு எது பொருந்தும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பிளாஸ்டிக் குடத்தை எடுத்துக்கொள்வோம். மெட்ரோ வாட்டர் லாரி வந்து நிற்கும் தெருக்களில் பச்சை, சிவப்பு, நீலம் என்று வரிசை கட்டி நிற்கிற அதே குடம். இதைப் புதிதாக வடிவமைக்கச் சொன்னால் மூன்று மாணவர்களும் மூன்று இடங்களில் தொடங்குவார்கள். ஓவியக் கல்லூரியில் சிற்பம் படித்தவர் களிமண்ணை எடுப்பார். கழுத்திலிருந்து வயிற்றுக்கு இறங்கும் வளைவு சரியாக வரும்வரை கையாலேயே தேய்த்துக்கொண்டிருப்பார். மெக்கானிக்கல் படித்தவர் கணக்கில் தொடங்குவார். எத்தனை கிராம் பிளாஸ்டிக், புளோ மோல்டிங்கில் ஊதும்போது எந்த மூலையில் சுவர் மெலியும், அச்சிலிருந்து ஒரு குடம் வெளியே வர எத்தனை விநாடி, நிறைகுடம் கைதவறினால் அடிப்பக்கம் தாங்குமா? இன்டஸ்ட்ரியல் டிசைன் படித்தவர் முதலில் தெருவுக்குப் போய் நிற்பார். யார் தூக்குகிறார்கள், இடுப்பிலா கையிலா, இரண்டாவது மாடிக்கு ஏறும்போது எந்த இடத்தில் கை மாற்றுகிறார்கள், ஈரக் கை கழுத்தை எப்படிப் பிடிக்கிறது, ஒரே நிறத்தில் பத்துக் குடம் நிற்கும் வரிசையில் தன் குடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொள்வார். பென்சில் அப்புறம்தான். அத்தோடு அவர் வேலை முடிவதும் இல்லை. சிற்பி தேடிய வளைவும் வர வேண்டும், இன்ஜினியர் கவலைப்பட்ட மூலையும் மெலியாமல் இருக்க வேண்டும், கடையில் விற்கும் விலையும் கட்டுப்படியாக வேண்டும்.

இப்படிக் கேட்கும் முறைக்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய ஆவணம் இருக்கிறது. இந்திய அரசின் அழைப்பில் வந்த அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1958-இல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். இந்தியாவில் தாங்கள் பார்த்து வியந்த பொருள்களில் லோட்டாவை, அதாவது நம் சொம்பைத்தான் அவர்கள் மிகவும் உயர்த்திப் பேசினார்கள். ஒருவர் உட்கார்ந்து லோட்டாவை வடிவமைப்பதென்றால் என்னென்ன யோசிக்க வேண்டியிருக்கும் என்று பட்டியலே போட்டார்கள்: எவ்வளவு தண்ணீர், தூக்குகிற கையின் அளவும் வலுவும், தலையில் வைப்பதா இடுப்பில் வைப்பதா, நிரம்பியபோதும் காலியானபோதும் எடை எங்கே நிற்கும், என்ன விலை. அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கியது. 1969-இல் ஐஐடி பம்பாயில் இன்டஸ்ட்ரியல் டிசைன் சென்டர் வந்தது. இன்று நாட்டில் நடக்கும் பெரும்பாலான டிசைன் படிப்புகளின் பாடத்திட்டத்தில் இந்த இரண்டு இடங்களின் சாயலைப் பார்க்கலாம்.

நேரடியாக பி.டெஸ், அதாவது டிசைனில் இளநிலைப் பட்டம் சேர்ந்தால் என்ன நடக்கும்? முதல் வருடம் கிட்டத்தட்ட எல்லாருக்கும் பொதுவானது. கோடு, நிறம், காகிதம், களிமண், மரம், கம்பி என்று கைக்குப் பழக்கம் கொடுப்பார்கள். அடுத்து மனித உடலின் அளவுகள், பயன்படுத்துகிறவர்களைப் போய்ப் பார்த்து எழுதுவது, தெர்மகோலிலும் எம்டிஎஃப் பலகையிலும் மாடல் செய்வது. ரைனோ, சாலிட்வொர்க்ஸ் மாதிரி மென்பொருள்களும் வரும். ஆனால் அவற்றைச் சில மாதங்களில் யாரும் கற்றுக்கொள்ளலாம். அதற்காக நான்கு வருடம் செலவிடத் தேவையில்லை.

நான்கு வருடம் தேவைப்படுவது ஜூரிக்காக. செய்த வேலையை எல்லாம் சுவரில் ஒட்டிவிட்டு, ஆசிரியர்களுக்கும் வெளியிலிருந்து வந்த தொழில்காரர்களுக்கும் முன்னால் நின்று, ஏன் இப்படிச் செய்தாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். "அழகாக இருக்கிறது" என்பது அங்கே பதில் ஆகாது. முதல் ஜூரியில் அழுதுகொண்டு வெளியே வருகிறவர்கள் உண்டு. மூன்றாம் வருடத்தில் அதே பிள்ளை ஐம்பது ஸ்கெட்சில் நாற்பத்தெட்டைத் தானே எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, மிச்சம் இரண்டை ஏன் வைத்திருக்கிறேன் என்று நிதானமாகச் சொல்லும். தன் யோசனையைத் தானே கழித்துக்கட்டும் இந்தப் பழக்கம் படைப்புத் தொழில் எதற்குப் போனாலும் கூடவே வரும். இந்தப் படிப்பை முடித்தவர்கள் கண்காட்சி அரங்குகள் செய்கிறார்கள், பொம்மை செய்கிறார்கள், செல்போன் செயலிகளின் திரைகளை வடிவமைக்கிறார்கள், மருத்துவக் கருவிகளுக்கு உறை வடிவமைக்கிறார்கள். துறை மாறினாலும் வேலை செய்யும் முறை மாறுவதில்லை. படைப்பு வாழ்க்கைக்கு இந்தப் படிப்பு தரும் பெரிய சொத்து இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பட்டத்தின் பெயரைவிட இந்தப் பயிற்சி எங்கே ஒழுங்காகக் கிடைக்கும் என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அதனால் அகமதாபாத்திலோ ஓர் ஐஐடியிலோ பி.டெஸ் இடம் கிடைத்தால் யோசிக்காமல் போகலாம். ஐஐடிகளுக்கான நுழைவுத் தேர்வு யூசீட். பம்பாய், டெல்லி, குவாஹாட்டி, ஹைதராபாத் உள்ளிட்ட ஐஐடிகள் இதன் வழியாகத்தான் சேர்க்கின்றன. பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்தவரும் எழுதலாம் என்பது நம் ஊரில் பலருக்கும் தெரிவதில்லை. காமர்ஸ் படித்த பிள்ளையும் எழுதலாம். ஆனால் நாடு முழுவதற்கும் சில நூறு இடங்கள்தான். தேர்வும் ஆங்கிலத்தில் நடக்கிறது. தமிழ் வழியில் படித்த மாணவருக்கு வரைவதில் குறை இருக்காது, வினாத்தாளின் மொழிதான் வழியை மறிக்கும். அதற்கு ஒரு வருடம் முன்பே தயாராக வேண்டும். செலவைப் பற்றிப் பயப்படும் வீடுகளுக்கு ஒரு தகவல்: 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் ஐஐடி போன்ற நிறுவனங்களில் சேர்ந்தால் இளநிலைப் படிப்புச் செலவை அரசே ஏற்கும் என்று தமிழ்நாடு அரசு 2022-23 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. பள்ளித் தலைமை ஆசிரியரிடம் இதைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இந்தப் பாதையிலும் ஒரு குறை உண்டு. நேரடியாக டிசைன் படித்தவர் பலருக்கு உற்பத்தி நுணுக்கம் மேலோட்டமாகத்தான் தெரிந்திருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் மோல்டு போடுகிறவரிடம் டிராயிங்கைக் கொண்டுபோய்க் கொடுத்தால், ஒரு நிமிடம் பார்த்துவிட்டு "சார், இது அச்சை விட்டு வெளியே வராது" என்பார். பக்கச் சுவருக்கு ஒன்றிரண்டு டிகிரி சாய்வு கொடுத்திருக்க வேண்டும், கொடுத்திருக்க மாட்டார்கள். இதை வேலைக்குப் போனபின் கற்றுக்கொள்ளலாம்தான். கற்றுக்கொள்வதற்குள் சில அச்சுகள் வீணாகும், அச்சு என்பது லட்சங்களில் விலை.

இங்கேதான் பெரியப்பாவின் யோசனைக்கு வலு வருகிறது. தமிழ்நாட்டில் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு 2007 முதல் கிடையாது. 200-க்கு எத்தனை கட் ஆஃப் என்பதுதான் பேச்சு. அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் கட்டணமும் குறைவு. மெக்கானிக்கலோ புரொடக்‌ஷனோ முடித்துவிட்டு, டிசைன் முதுநிலைப் படிப்புக்கான சீட் (CEED) என்ற நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெஸ் போகலாம். ஐஐடி பம்பாய், குவாஹாட்டி இருக்கின்றன. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் எம்.டெஸ் உண்டு. வீட்டை விட்டுப் போக முடியாதவர்களுக்கு வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில் 2007-இல் தொடங்கிய மத்திய அரசின் ஐஐஐடிடிஎம் இருக்கிறது. வடிவமைப்பையும் உற்பத்தியையும் சேர்த்துச் சொல்லித்தருவதற்கென்றே வந்த நிறுவனம் அது.

இப்படிப் போனவர்களின் வேலையை நாம் தினமும் சாலையில் பார்க்கிறோம். மஹிந்திராவின் எக்ஸ்யூவி 500 வடிவமைப்பை வழிநடத்திய ராம்கிருபா அனந்தன், பிட்ஸ் பிலானியில் மெக்கானிக்கல் படித்து, பின் ஐஐடி பம்பாயின் இன்டஸ்ட்ரியல் டிசைன் சென்டருக்குப் போனவர். அதே நிறுவனத்தில் பின்னர் தலைமை வடிவமைப்பாளராகச் சேர்ந்த பிரதாப் போஸ், அகமதாபாத்தில் டிசைன் படித்து லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டுக்குப் போனவர். ஒரே மாதிரி நாற்காலிக்கு இரண்டு வழியிலும் வர முடிந்திருக்கிறது. ஏத்தர் மின்சார ஸ்கூட்டர் நிறுவனத்தைத் தொடங்கிய தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் ஐஐடி மெட்ராஸில் இன்ஜினியரிங் டிசைன் படித்தவர்கள். 2013-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் வண்டிகள் ஓசூரில் தயாராகின்றன. கட்டடக்கலை வழியும் உண்டு. 2010-இல் இந்திய அரசு ஏற்றுக்கொண்ட ரூபாய்க் குறியை வடிவமைத்த உதயகுமார் கள்ளக்குறிச்சிக்காரர். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் பி.ஆர்க் முடித்துவிட்டு ஐஐடி பம்பாயில் எம்.டெஸ் செய்தவர்.

ஆனால் இந்த வழியில் சேர்ந்து கடைசிவரை போகிறவர்கள் குறைவு. அதை மறைக்கக் கூடாது. நான்கு வருடம் பென்சிலைத் தொடாமல் இருந்தால் கை மரத்துப்போகும். இன்ஜினியரிங் டிராயிங் வகுப்பு முதல் வருடத்தோடு முடிந்துவிடும். அதுவும் வேறு வகை வரைதல். அதற்குள் கேம்பஸில் ஐடி கம்பெனி ஆஃபர் வரும், வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம், எம்.டெஸ் ஆசை மெல்ல ஓரமாகப் போய்விடும். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது, சம்பளம் தேவைப்படுகிற வீடுகள் நிறைய. ஆகவே மெக்கானிக்கலை ஏணியாக வைத்துக்கொள்ள நினைப்பவர், முதல் செமஸ்டரிலிருந்தே வாரத்தில் இரண்டு மூன்று மாலைகளை வரைவதற்கு ஒதுக்க வேண்டும். கல்லூரியில் பாஹா என்ற மாணவர் போட்டிக்கு வண்டி செய்யும் குழு இருந்தால் அதில் சேர வேண்டும். கோடை விடுமுறையில் சாஃப்ட்வேர் கோர்ஸுக்குப் பதிலாக அச்சு செய்யும் ஒரு டூல் ரூமில் போய் நிற்க வேண்டும். கிண்டியில் 1968-இல் தொடங்கிய சிப்பெட் பிளாஸ்டிக் அச்சு வேலைக்கென்றே பெயர் பெற்ற இடம். புதுப்பேட்டைக்குப் போனால் பிரித்துப் போட்ட கார் கதவை உள்பக்கமாகத் திருப்பிப் பார்க்கலாம். ஒரு கதவின் உள்ளே எத்தனை பாகங்கள் எப்படிக் கோக்கப்பட்டிருக்கின்றன என்பதை எந்த வகுப்பறையும் அவ்வளவு தெளிவாகக் காட்டாது.

ஓவியக் கல்லூரியைப் பற்றி நம் ஊரில் ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. அது கலைஞர்களுக்கான இடம், பொருள் செய்கிறவர்களுக்கு அங்கே என்ன வேலை என்று. அதன் தொடக்கமே வேறு. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. சில காலத்திலேயே தொழிற்கலைப் பள்ளி என்றுதான் அதற்குப் பெயர். இன்று நம் சமையலறைகளில் இருக்கும் அலுமினியப் பாத்திரத்துக்கும் அங்கே ஒரு வேர் இருக்கிறது. ஆல்பிரட் சாட்டர்டன் 1890-களின் இறுதியில் அந்தப் பள்ளியின் பட்டறையில்தான் அலுமினியப் பாத்திரம் செய்து பார்த்தார். அது பின்னர் தனித் தொழிலாகவே வளர்ந்தது. இருபதாம் நூற்றாண்டில் தேவி பிரசாத் ராய் சவுத்ரி, கே.சி.எஸ். பணிக்கர் போன்றவர்கள் முதல்வர்களாக இருந்த காலத்தில் ஓவியமும் சிற்பமும் முன்னுக்கு வந்தன. பணிக்கரின் முயற்சியில் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமம் உருவானது.

கைப்பயிற்சி என்று பார்த்தால் இந்த மூன்றில் ஓவியக் கல்லூரிதான் முதலிடம். கட்டணமும் மிகக் குறைவு. அங்கே படித்தவர் மண்ணில் பிடித்துவைக்கும் ஒரு வளைவை மற்ற இரண்டு பேரும் கம்ப்யூட்டரில் நாள்முழுக்க முயன்றாலும் எட்ட மாட்டார்கள். சினிமா கலை இயக்கம், அனிமேஷன், புத்தக வடிவமைப்பு பக்கம் மனம் போகிற பிள்ளைக்கு இதுதான் சரியான இடம். டிராட்ஸ்கி மருது அங்கே படித்து ஓவியம், பத்திரிகை, சினிமா, கணினி என்று எல்லாத் தளங்களிலும் வேலை செய்தவர். ஆனால் ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி செய்யப்படும் பொருளை வடிவமைக்க வேண்டும் என்பது ஆசையானால், இயந்திரங்களோடும் செலவுக் கணக்கோடும் பழகும் வாய்ப்பு அங்கே குறைவு. ஓவியக் கல்லூரியின் பட்டமான பி.எஃப்.ஏ. முடித்தவரும் சீட் தேர்வு எழுதி எம்.டெஸ் போகலாம் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். இந்திய அறிவியல் கழகம் மாதிரி பொறியியல் அடிப்படை கேட்கும் இடங்கள் கிடைக்காது. மற்றவை திறந்தே இருக்கின்றன.

நான்காவதாக ஒரு வழி இருக்கிறது. அதுதான் இப்போது விளம்பரங்களில் அதிகம் கண்ணில் படுகிறது. தனியார் பல்கலைக்கழகங்களின் பி.டெஸ். வருடத்துக்குப் பல லட்சம் ஆகும். நல்ல இடங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் கம்ப்யூட்டர் லேப் ஒன்றையும் கலர் கலராக நாற்காலிகளையும் போட்டுவிட்டு டிசைன் ஸ்கூல் என்று பெயர் வைத்த இடங்களும் உண்டு. கடன் வாங்கிச் சேர்க்கும் முன் ஒரு வேலைநாளில் நேரில் போய்ப் பாருங்கள். ஒர்க்‌ஷாப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தரையில் மரத்தூள் கிடக்கிறதா, மேசையில் பாதியில் நிற்கும் மாடல்கள் இருக்கின்றனவா? பூட்டிவைத்த பளபளப்பான இயந்திரங்கள் எனக்கு எப்போதும் சந்தேகத்தைத்தான் கொடுக்கும். கற்றுத்தருகிறவர்களில் எத்தனை பேர் கடைக்கு வந்த ஒரு பொருளையாவது வடிவமைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஜூரிக்கு வெளியாட்கள் வருகிறார்களா என்று கேளுங்கள். கடைசி வருட மாணவர் ஒருவரின் போர்ட்ஃபோலியோவைக் காட்டச் சொல்லுங்கள். அதில் வெறும் கம்ப்யூட்டர் படங்களே இருந்து, கையால் செய்த மாடலும் தோற்றுப்போன முயற்சிகளும் இல்லையென்றால், அந்தப் பணத்துக்கு அரசுக் கல்லூரியில் மெக்கானிக்கலும் அதன்பின் எம்.டெஸ்ஸும் எவ்வளவோ மேல். இதைத் தயக்கமில்லாமல் சொல்கிறேன்.

வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். அப்பா அம்மாக்கள் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள், கேட்க வேண்டியதும்தான். சென்னையைச் சுற்றி இவ்வளவு கார் தயாராவதால் கார் வடிவமைப்பு வேலையும் அதே அளவுக்கு இங்கே இருக்கும் என்று கணக்குப் போட வேண்டாம். ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் ஹூண்டாய்க்குத் தலைமை ஆராய்ச்சி மையம் தென்கொரியாவின் நம்யாங்கில் இருக்கிறது. இங்கேயே முடிவெடுக்கும் நிறுவனங்களும் உண்டு. ராயல் என்ஃபீல்டுக்கு சென்னையிலும் இங்கிலாந்திலும் தொழில்நுட்ப மையங்கள் இருக்கின்றன. ஓசூரில் டைட்டன், டிவிஎஸ். சமையலறைப் பொருள்கள், சைக்கிள், மருத்துவக் கருவி என்று சிறிய, நடுத்தர நிறுவனங்கள் அம்பத்தூரிலும் கிண்டியிலும் நிறைய. ஆனால் டிசைனருக்கென்று தனியாக ஒரு பதவி வைத்திருப்பவை அவற்றில் சிலவே. இன்டஸ்ட்ரியல் டிசைன் முடித்தவர்களில் பலர் செயலி, இணையதளத் திரை வடிவமைப்புக்குப் போய்விடுகிறார்கள். அங்கே ஆரம்பச் சம்பளம் அதிகம், ஆட்களும் நிறையத் தேவை. பொருள் செய்ய வேண்டும் என்ற ஆசையில் சேர்ந்த பிள்ளை இதை முதல் வருடத்திலேயே தெரிந்துவைத்திருப்பது நல்லது. அப்போதுதான் எதை நோக்கிப் போர்ட்ஃபோலியோ தயாரிப்பது என்பதைத் தானே முடிவு செய்ய முடியும்.

இந்த வருடமே முடிவெடுக்க வேண்டியவர்கள் ஒரே வழியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். யூசீட் விண்ணப்பம் பொதுவாக அக்டோபர் வாக்கில் தொடங்கும், தேர்வு ஜனவரியில். அகமதாபாத்துக்குத் தனித் தேர்வு, அதன் முதல் கட்டமும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். இவற்றைப் பிளஸ் டூ பொதுத் தேர்வுக்கு முன்பே எழுதிவிடலாம். கிடைக்கவில்லையென்றால் கட் ஆஃபை வைத்து அரசுக் கல்லூரியில் மெக்கானிக்கல் சேரலாம். யூசீட்டை அடுத்தடுத்த இரண்டு வருடங்களில் இரண்டு முறை எழுத அனுமதி உண்டு என்பதால், முதல் வருடம் படித்துக்கொண்டே ஜனவரியில் இன்னொரு முறை எழுதலாம். அதுவும் தவறினால் இன்ஜினியரிங்கை முடித்துவிட்டு சீட் எழுதுங்கள். அதற்கு வயது வரம்பு இல்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம்.